பழைய ஆளா வருவாருங்களா?

காந்திபுரத்தில் வீடு, கணபதியில் லேத் பட்டறை என்று இருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. ஹெல்மெட்? பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது.

உயிர் தப்பிவிட்டார். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டுகிறது. நிஜமான கஷ்டம் 49-வது மணியில் ஆரம்பிக்கிறது. தையல் பிரித்து ஒரு வருஷம் ஆகியும், காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று நிற்கிறார். சுள்ளென்று கோபம் வேறு. "ஏனுங்க டாக்டர், பழைய ஆளா வருவாருங்களா?" என்கிறார் மனைவி.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதுகிறார். எழுதலாமா?

நம்மூரில் சகஜமாக எழுதப்படும் சிட்டிகோலினை அமெரிக்காவில் 1,213 பேரிடம் சோதித்தார்கள். அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 90 நாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு டம்மி. 2012-ல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. சரி, அடிபட்டு ஒரு வருஷம் தாண்டியவர்களுக்கு? 2015-ல் காக்ரேன் அமைப்பு உலகம் பூராவும் சலித்ததில் தேறியவை நான்கே ஆய்வுகள். 274 பேர். எந்த மருந்தையும் கொடு என்றோ, கொடுக்காதே என்றோ சொல்ல அது பத்தவில்லை.

'ஒரு நம்பிக்கைக்குத்தானே, கெடுதல் இல்லையே' என்பார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டையும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கொடுத்தார்கள். 2004-ல் 10,008 பேரிடம் சோதித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு போட்டவர்களில்தான் சாவு அதிகம்.

நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. "இதுக்கு நிரூபணம் இல்லீங்க. மூணு மாசம் பார்ப்போம், மாற்றம் தெரியலைன்னா நிறுத்திடலாம்" என்று சொல்லிவிட்டு எழுதினால் அது நேர்மையான முயற்சி. சொல்லாமல் எழுதினால் என்ன ஆகிறது? மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று, பாக்கெட் நோட்டு, செல்போன் அலாரம், சுவரில் ஒரு போர்டு எல்லாம் தள்ளிப்போகின்றன. தேறாதபோது பழி அவர் மேலேயே விழுகிறது: "இத்தனை காசு செலவு பண்ணியும் முயற்சியே இல்லை பாருங்க!"

அதோடு, சீட்டை வாங்குவது மனைவி, காசு கட்டுவது மச்சான். முழுங்குகிறவரை யாராவது கேட்டார்களா? கேட்டாலும் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவாராம். மறக்கட்டும். அந்த நோட்டிலேயே எழுதிவைத்து, நாளைக்கும் கேட்கலாமே!