ஆளுகிறவர் அய்யா, சாவி யாரிடம்?

ஒரகடத்துப் பக்கம் இருக்கும் எங்கள் நிழல்தாங்கல் பெரிய பதி ஒன்றும் இல்லை. தகரக் கூரை, முன்னால் ஒரு பந்தல், பள்ளியறையில் நிலைக்கண்ணாடியும் இரண்டு குத்துவிளக்கும், பின்னால் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்படி, அவ்வளவுதான். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்களும் கடை வைக்க வந்தவர்களும் சேர்ந்து கட்டியது. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். ஷிப்ட் மாறுகிற வாரத்தில் பாதிப் பேர்தான். அய்யா காணிக்கை கேட்டவர் இல்லை என்பதால் நாங்கள் உண்டியல் வைக்கவில்லை. நூறோ இருநூறோ தருகிறவர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்த நோட்டும் தாங்கல் சாவியும் பதினொரு வருடம் என்னிடம் இருந்தன.

திருஏடு வாசிப்பு முடிந்த மறுவாரம் ஒரு பையன் என்னிடம் வந்தான். உதிரிபாகக் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளி. பந்தல் கட்டவும் பாத்திரம் கழுவவும் முதல் ஆளாக நிற்பவன். "அண்ணாச்சி, அரிசி எத்தனை மூட்டை வந்தது, எத்தனை செலவாச்சுன்னு ஒரு தாளில் எழுதி ஒட்டினா நல்லாருக்கும்ல?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. "இது அய்யா சொத்து தம்பி. அவருக்கு எல்லாக் கணக்கும் தெரியும். நான் அவருக்குத்தான் பதில் சொல்லணும்" என்றேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த மூன்று ஞாயிறு வரவில்லை.

நான் ஒரு ரூபாய் எடுத்தவன் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அப்படிப் பேசினேன். அன்று ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தால் நான்கு மாதம் ஒன்றுமே எழுதவில்லை. இரண்டு மூட்டை அரிசி எங்கே போனது என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை.

அன்றிலிருந்து என்னை அரித்த கேள்வி இதுதான். ஓர் இடத்துக்கு அரசன் கடவுளே என்றால், அந்த இடத்தில் வேலை செய்கிறவன் மனிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது உண்டா, இல்லையா?

நான் சொன்ன பதிலை எனக்கு முன்பே பெரிய பெரிய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் என்ற ராஜா, தான் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவன் என்று நம்பினார். ஜனங்களின் சபையைக் கூட்டாமலே பல வருடம் ஆண்டார், வரி போட்டார். உள்நாட்டுச் சண்டை வந்து 1649இல் அவர் தலையே போயிற்று. அப்புறம் 1689இல், சபை சம்மதிக்காமல் ராஜா வரி வாங்கக் கூடாது என்று சட்டம் எழுதினார்கள். அந்த நாட்டில் இன்றைக்கும் ராஜா உண்டு. கிரீடமும் உண்டு. ஆட்சி மட்டும் அவர் கையில் இல்லை. பூட்டானில் இப்படி ரத்தம் சிந்த வேண்டி வரவில்லை. அங்கே 2008இல் வந்த அரசியல் சட்டத்தில், ராஜா 65 வயதில் இறங்கிவிட வேண்டும் என்று இருக்கிறது. ஜனங்கள் வாக்களித்து அவரை விலக்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்கை எடுத்தது அந்த ராஜ குடும்பமே.

அவ்வளவு தூரம் போவானேன். நம் திருவிதாங்கூர் கதையே இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மா, 1750இல் தன் ராஜ்யம் முழுவதையும் பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாளைச் சாமி முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு, இனி நான் பத்மநாபதாசன், சாமியின் வேலைக்காரனாக இருந்து ஆள்கிறேன் என்றார். திருப்படிதானம் என்பார்கள். அதில் பணிவு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டையே சாமி காலடியில் வைக்க ஒரு மனசு வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டைக் கீழே நின்று பார்த்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நேற்று வரை அவன் ராஜாவுக்கு வரி கட்டினான். இன்று சாமிக்கே கட்டுகிறான். நேற்று ராஜாவின் அதிகாரியை எதிர்த்தால் அது ராஜத் துரோகம். இன்று எதிர்த்தால் அது சாமித் துரோகம். தலைவரி, பனைவரி, கூலியில்லா ஊழியம், தோளில் சீலை போடத் தடை என்று எது வந்தாலும், இது சாமியின் நாடு, இதுதான் வழக்கம் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம். வேலைக்காரன் என்று சொல்லிக்கொண்டவருக்கு எஜமானை விட அதிக பலம் வந்துவிட்டது. ஏனென்றால் எஜமான் பேச மாட்டார், வேலைக்காரன்தான் பேசுவான்.

அந்த நாட்டில்தான் 1809இல் அய்யா பிறந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடி என்ற சொல்லே நம்மவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று மேல்சாதிக்காரர்கள் சொல்ல, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். தலையில் முடி சூட்டுவதற்குத்தான் தடை என்றால், பெயரில் சூட்டுவதற்கும் தடை. அதே மக்களைப் பிற்பாடு அய்யா, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்ததும் நீங்கள் ஏடு வாசிப்பில் வருடா வருடம் கேட்பதுதான். பத்மநாபதாசன் என்று பட்டம் வைத்துக்கொண்டவர்களின் வம்சத்தில் வந்தவர், நாராயணரின் பிள்ளையைச் சிறையில் வைத்தார். சாமிக்குத்தான் பதில் சொல்வேன் என்கிறவனுக்கு, சாமியே வாசலில் வந்து நின்றாலும் அடையாளம் தெரிவதில்லை.

என்னிடம் கணக்குக் கேட்ட பையனும் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போனான் என்பது இதை யோசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளியறைக் கண்ணாடியில் அவன் முகமும் தெரிகிறது, என் முகமும் தெரிகிறது. அந்தக் கண்ணாடிக்குப் பதில் சொல்கிறேன் என்று நான் சொன்னால், அதில் தெரிகிற அவனுக்கு நான் சொல்ல மறுத்தது என்ன நியாயம்?

திருவிதாங்கூர் மெதுவாக மாறிற்று. 1859இல் தோள்சீலைக்குப் பாதி அனுமதி வந்தது. அதுவும் சென்னை கவர்னர் நெருக்கியதால் வந்தது. 1888இல் சட்டசபை என்று ஒன்றை வைத்தார்கள். சமஸ்தானங்களில் அதுவே முதல் என்று பெருமையாகச் சொல்வார்கள். மொத்தம் 8 பேர், அதில் 6 பேர் சர்க்கார் ஆட்கள். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. அதில் அய்யன்காளி போன்றவர்கள் நியமன உறுப்பினராக எழுந்து நின்று பேசினார்கள். கோயில் கதவு திறந்தது 1936இல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1948இல்தான். அய்யா வைகுண்டம் சென்ற 1851இல் இருந்து எண்ணினால் 97 வருடம்.

இதையெல்லாம் எங்கள் தாங்கலில் பேசினபோது ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "தர்மயுகத்தில் அய்யா ஒரே குடைக்குள் ஆளப்போகிறார். அங்கே வரி இல்லை, பகை இல்லை, போலீஸ் இல்லை. அப்படி இருக்க, இங்கே உட்கார்ந்து சட்டம், கமிட்டி, கணக்கு என்று பேசுவது கலியின் வேலையல்லவா?" என்றார். தள்ளிவிட முடியாத கேள்வி இது. கமிட்டி வந்ததால் இரண்டாக உடைந்த தாங்கல்களும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் இருந்தே எனக்குப் பதில் கிடைத்தது. ஒரே குடை என்றால் இரண்டாவது ராஜா கிடையாது என்றுதான் பொருள். அய்யா ஒருவர்தான் ராஜா என்றால், அவருக்கும் மக்களுக்கும் நடுவில் சாவி வைத்திருக்கிற நான் குட்டி ராஜாவாக முடியாது. நானும் மற்றவர்களும் ஒரே வரிசையில் நிற்கிற குடிமக்கள். ஒரே வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பெரியவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, சலித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

சரி, எப்படிச் செய்வது? அதற்கு வழி எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். அங்கே கல்வெட்டு இருக்கிற கோயிலின் பெயர் வைகுண்டப் பெருமாள் கோயில். பெயரைக் கேட்டதுமே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய எழுத்து, எனக்கு ஒரு வரி படிக்க வரவில்லை. ஆனால் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தது இதுதானா என்று நின்றேன்.

பராந்தக சோழன் காலம், 919ஆம் வருடமும் 921ஆம் வருடமும். மேலே ராஜா இருக்கிறார். அவருடைய அதிகாரி வந்து கூட உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் ஊரை ஆள்வது ஊர்ச் சபை. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் போடுவார்கள். குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் தெரியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாதே. இப்படித்தான் ஏரியைப் பார்க்க 6 பேர், தோட்டத்தைப் பார்க்க 12 பேர் என்று வாரியங்கள் அமைத்தார்கள். பதவி 360 நாள். ஒரு தடவை இருந்தவர் அடுத்த மூன்று வருடம் வர முடியாது. 919இல் வயது 30க்கு மேல் 60க்குள் என்று எழுதினார்கள். இரண்டு வருடத்தில் அது சரிப்படவில்லை போலிருக்கிறது, 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றி, அதையும் சுவரில் வெட்டினார்கள். தப்பைத் திருத்தியதையும் மறைக்கவில்லை பாருங்கள்.

எனக்கு வலித்த இடம் வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் தாய்மாமன், மைத்துனன், மருமகன், மகன் என்று ஒரு பெரிய வரிசையே போகிறது, அவர்கள் பெயரும் கூடாது. அங்கே திருடினவன் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. கணக்குக் காட்டாதவன் என்று வேறாகவும் சொல்லியிருக்கிறது. எடுத்தானா இல்லையா என்பது அடுத்த பேச்சு, காட்டாததே குற்றம். எங்கள் தாங்கலுக்கு அரிசி வருவது என் மைத்துனர் கடையில் இருந்து. நியாயமான விலைதான். ஆனால் வேறு கடையில் நான் ஒரு நாளும் விலை கேட்டதில்லை.

அந்தச் சுவரைப் புகழ்ந்துவிட்டு வந்துவிட முடியாது. அது பிராமணர் ஊர்ச் சபை. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரி வெட்டினவன், நாற்று நட்டவள், பனை ஏறினவன் யார் ஓலையும் அந்தக் குடத்தில் விழவில்லை. குடத்தைக் குலுக்கியதில் நூறு நேர்மை இருந்தது. குடத்துக்குள் யார் போகலாம் என்பதில் நேர்மை இல்லை. அய்யா முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியையும் ஒரே தண்ணீரில் குளிக்கச் சொன்னது இந்த இடத்தைத்தான் தொடுகிறது.

திரும்பி வந்து முதலில் அந்தப் பையன் தங்கியிருக்கிற அறைக்குப் போனேன். ஆறு பேர் ஒரே அறையில், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, "நான் சொன்னது தப்பு தம்பி" என்றேன். "பரவால்ல அண்ணாச்சி, டீ குடிக்கீயளா?" என்றான். நோட்டை அவனிடமே கொடுத்து, விட்டுப்போன நான்கு மாதத்தையும் தெரிந்தவரை எழுதினோம். இரண்டு மூட்டைக்கு நேரே 'கணக்கு இல்லை' என்று எழுதி, அதன் விலையை நான் கட்டினேன். அந்தத் தாளைப் பந்தல் தூணில் ஒட்டியிருக்கிறது.

வருகிற மாசி 20க்குப் பிறகு சாவி, நோட்டு, அடுப்படி மூன்றுக்கும் குடவோலை போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒரு வருடம்தான். என் பெயர் மூன்று வருடத்துக்குக் குடத்தில் இருக்காது, மைத்துனர் பெயரும் இருக்காது. அவர் கோபத்தில் இருக்கிறார். பெண்கள் பெயரைப் போடுவதில் சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சண்டை வந்தது வேறு இடத்தில். ஒடிசாவில் இருந்து வந்த நான்கு பையன்கள் ஒரு வருடமாக ஞாயிறுதோறும் வருகிறார்கள். முதலில் கஞ்சிக்கு வந்தவர்கள்தான். இப்போது தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, உகப்படிப்பில் தெரிந்த மட்டும் கூடச் சொல்கிறார்கள். அவர்கள் பெயரைப் போடலாம் என்று நான் சொன்னேன். "காண்டிராக்ட் பையன்கள், பதினோரு மாதத்தில் போய்விடுவார்கள், தமிழ் எழுதத் தெரியாது, நோட்டை எப்படி எழுதுவார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நோட்டுக்கு வேண்டாம், அடுப்படிக்குப் போடலாம் என்று ஒரு பேச்சு நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, அடுப்படி மட்டும் ஏன் அவர்களுக்கு? நம்முடைய பையன்களில் பாதிப் பேரும் பதினோரு மாதக் காண்டிராக்ட்தான். அடுத்த ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும் கூடிப் பேசுகிறோம். அந்த நான்கு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அய்யா உண்டு.