சீட்டு யார் கையில் இருக்கிறது?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். வாலிபர் கூட்டம் முடிந்தபின் ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. "பாஸ்டர், சூதாட்டம்னா பணம் வச்சு பணம் எடுக்கிறது. செல்போன் கேம்ல நமக்கு ஒரு பைசா திரும்ப வராது. துப்பாக்கிக்கு ஒரு கலர், ஆளுக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். அது எப்படி சூதாகும்?"

நல்ல கேள்வி. "அதெல்லாம் பாவம், போப்பா" என்று வாயடைத்து அனுப்பிவிடக்கூடாது. நிதானமாய் யோசிப்போம்.

முதலில், காரியம் என்னவென்று தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன். விளையாட்டு இலவசம். உள்ளே போனால் ஒரு பெட்டியோ, சுழலும் சக்கரமோ இருக்கும். அதைத் திறக்க 'டைமண்ட்' வேண்டும். டைமண்ட் வாங்க ரூபாய் வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத பொருள், எப்போதாவது ஒரு அபூர்வமான பொருள். ஜப்பானியர் இதைக் 'கச்சா' என்கிறார்கள். காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழுகிற மிஷினிலிருந்து வந்த பேர் அது.

நாமும் சிறு வயதில் பெட்டிக்கடையில் பார்த்ததுதானே! அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்தால் ஒரு நம்பர் வரும், நம்பருக்கு ஒரு பலூனோ பொம்மையோ கிடைக்கும். ஆனால் அந்த அட்டையில் சீட்டு தீர்ந்துபோகும். கடைக்காரரும் ராத்திரி கடையைச் சாத்திவிடுவார். செல்போனில் சீட்டும் தீராது, கடையும் சாத்தாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அபூர்வப் பொருள் கிடைக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நூறு தடவை திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று பிள்ளை நினைக்கிறான். அப்படி அல்ல. நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை திறந்தால், அதில் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இன்னொரு கணக்கு. பத்துவிதப் பொருளைச் சேர்த்தால் ஒரு பெரிய பரிசு. பத்துக்கும் சம வாய்ப்பு. முதல் பொருள் முதல் தடவையிலேயே வந்துவிடும். ஒன்பது சேர்ந்தபிறகு கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாய்ப் பத்துத் தடவை ஆகும். பத்தையும் சேர்க்க சராசரி 29 தடவை! "ஒன்றுதானே பாக்கி" என்று தோன்றுகிற இடத்தில்தான் பை காலியாகிறது. இந்தச் சேர்க்கும் வகையை 2012-ல் ஜப்பான் அரசு சட்டவிரோதம் என்று அறிவித்து நிறுத்தியது.

சில ஆட்டங்களில் இத்தனை தடவைக்குமேல் நிச்சயம் கிடைக்கும் என்று விதி உண்டு. உண்மைதான். ஆனால் அந்த 'இத்தனை' எத்தனை என்று தீர்மானித்தது யார்?

இங்கேதான் நம் கேள்விக்குள் வருகிறோம். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் சீட்டுப் போடுவதே தப்பா? அப்படிச் சொல்ல வேதம் அறிந்தவர்களால் முடியாது. யோசுவாவின் நாட்களில் கோத்திரங்களுக்குத் தேசம் பங்கிடப்பட்டது சீட்டினால். யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டினால். ஆனால் அங்கே சீட்டைப் போட்டவர் சீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கவில்லை. யாரும் தன் பக்கம் சாய்க்க முடியாதபடி எல்லாருக்கும் பொதுவாய் இருந்தது அது. சிலுவையடியில் சேவகர் போட்ட சீட்டோ வேறு. ஒருவர் மரித்துக்கொண்டிருக்க, அவருடைய அங்கிக்காகப் போட்ட சீட்டு அது. ஒருவருடைய இழப்பு இன்னொருவனுக்கு ஆதாயம்.

செல்போன் பெட்டியில் சீட்டை எழுதுகிறவன், குலுக்குகிறவன், ஒவ்வொரு குலுக்கலுக்கும் காசு வாங்குகிறவன், மூன்றுபேரும் ஒரே ஆள்! ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: சூதின் விஷம் ஜெயிக்கிற பணத்தில் இல்லை தம்பி, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்கிற இழுப்பில் இருக்கிறது. அந்த இழுப்பை உண்டாக்கி விற்கிறவன், பரிசாகப் பணம் கொடுத்தால் என்ன, சட்டை கொடுத்தால் என்ன? சொல்லப்போனால், பணச்சூதில் எப்போதாவது ஒருவனாவது காசோடு வீடு திரும்புவான். இதில் அதுவும் இல்லை.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, இஷ்டப்பட்டுத்தானே கொடுக்கிறான்?" என்று கேட்பார்கள். இதற்கும் பதில் வேண்டும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துப் பார்த்தார். கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தீனி நின்றபின்னும் வெகுநேரம் கொத்தியது. புறாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான். ஆனால் பெட்டியைச் செய்தவர் அது என்ன செய்யும் என்று அறிந்து செய்தார். ரூபாயை டைமண்ட் ஆக்குவதும் இதுபோலத்தான். டைமண்டாய்ச் செலவழிக்கும்போது ரூபாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. விலை மறைக்கப்பட்ட இடத்தில் சம்மதம் எப்படி முழுச் சம்மதமாகும்?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி தையல் வேலை செய்து பிள்ளையை வளர்க்கிறவர். ஸ்கூல் பீஸுக்கு வைத்திருந்த எட்டாயிரம் ரூபாய், ஐம்பதும் நூறுமாக ஆறு வாரத்தில் போய்விட்டது. பன்னிரண்டு வயது மகன் அம்மாவின் ரகசிய எண்ணைப் பார்த்து வைத்திருக்கிறான். "நூறாவது தடவை கண்டிப்பா வரும்னு நெனச்சேன்" என்று அழுதான். அந்த அம்மா என்னைக் கேட்டார்: "பாஸ்டர், எம் புள்ள திருடனா? இல்ல, எம் புள்ளகிட்ட யாரோ திருடிட்டாங்களா?"

இரண்டும் உண்மை என்றேன். ஆனால் எடை ஒன்றல்ல. கேட்காமல் எடுத்தது தப்பு என்று பையனுக்குத் தெரியும். அதற்கு அவன் பொறுப்பு. தன்னிடமிருந்து என்ன எடுக்கப்படுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. எடுத்தவர்களுக்கோ கடைசிப் பைசாவரை தெரியும். அதிகம் அறிந்தவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் அல்லவா? அவனை அடிக்க வேண்டாம் என்றேன். சனிக்கிழமைதோறும் அம்மாவோடு உட்கார்ந்து பட்டன் தைத்துக் கடனை அடைக்கிறான்.

தேசங்களும் இந்தக் கேள்வியில் தடுமாறுகின்றன. 2018-ல் பெல்ஜியம் சில விளையாட்டுகளின் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூது என்று தீர்த்தது. பக்கத்து நெதர்லாந்திலோ, விதித்த அபராதத்தை 2022-ல் அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்துசெய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், ஜென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தின் நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றிப் பெட்டி விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. நம் தேசத்தில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பணவிளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதன் முக்கியக் குறி, பணம் கட்டிப் பணம் எடுக்கப் பார்க்கிற ஆட்டங்கள். ஒரு எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சூது, அந்தப் பக்கம் வியாபாரம்! ஆகவே சட்டம் வரட்டும் என்று நம் மனச்சாட்சி காத்திருக்க முடியாது.

கடைசியாக, "நான் ஒரு ரூபாயும் கட்டாமல்தான் ஆடுகிறேன்" என்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட ஆட்டங்களில் அநேகர் ஒன்றும் கட்டுவதில்லை. பெருந்தொகை கட்டுகிற சிலரை அந்தத் தொழிலில் 'திமிங்கலம்' என்று அழைக்கிறார்கள். மனுஷனுக்கு வைக்கிற பேரா இது? நமக்குக் கிடைக்கிற இலவசம், எங்கோ தன்னை அடக்க முடியாத ஒருவனுடைய வீட்டு அரிசியிலிருந்து வருகிறதாக இருக்கலாம். கூட்டம் நிறைந்திருந்தால்தானே கடை நடக்கும்? இதை யோசித்துவிட்டு ஆடுங்கள், அல்லது விடுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ரகசிய எண் கேட்கும்படி போனில் மாற்றுங்கள். கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதிருங்கள். ரகசிய எண்ணைப் பிள்ளைகள் கண்முன் அழுத்தாதிருங்கள். பணம் போனது தெரிந்தால் தாமதிக்காமல் திருப்பிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நூறு தடவைக் கணக்கைப் பென்சிலால் போட்டுக் காட்டுங்கள். திட்டு மறந்துபோகும், கணக்கு மறக்காது.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக.