இலேசாக்குங்கள்: சிறு குழந்தைகள் உள்ள வீடும் நபிவழியும்

 

 

சென்ற மாதம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரி போன் செய்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது, கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம். “ஹஜ்ரத், தக்பீர் கட்டினால் அடுப்பில் வைத்த பால்தான் ஞாபகம் வருகிறது. ராத்திரி முழுக்கக் குழந்தை அழுகிறது, சில நாள் ஃபஜ்ரு களாவாகிவிடுகிறது. பகலில் பிள்ளைகளைக் கத்திக்கொண்டே இருக்கிறேன். என்மேல் அல்லாஹ்வுக்குக் கோபமா?” என்று கேட்டவர், அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டார்.

சட்டத்தைச் சொன்னேன். தூங்கிவிட்டவர் விழித்ததும் தொழுதுகொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள், அதையே வழக்கமாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. என் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். என் மனைவி இப்படி என்னிடம் கேட்டதே இல்லை. கேட்கும்படி நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவரிடம், “காலையிலிருந்து இரவு வரை நீ செய்கிற வேலையையெல்லாம் சொல்லு, எழுதுகிறேன்” என்றேன். சிரித்தார். பிறகு சொன்னார். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. படித்துப் பார்த்தேன். சூடாக ஒவ்வொரு தோசையாக வார்த்துப் போடுவது, காலையில் அரைத்த சட்னியை இரவுக்கு வைக்காமல் புதிதாக அரைப்பது, தினமும் ஜிப்பாவுக்கு இஸ்திரி, முன்னறிவிப்பில்லாமல் நான் அழைத்து வரும் விருந்தாளிகளுக்கு டீ. அந்தத் தாளில் பாதிக்குப் பாதி என் பெயரில் இருந்தது, கண்ணியமானவர்களே! பிள்ளைகளால் வந்த சுமையைவிட நான் ஏற்றிய சுமை அதிகம். மிம்பரில் நின்று பேசுகிற நான் இதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

ஆகவே இன்றைய தலைப்பு: சிறு குழந்தைகள் உள்ள வீட்டின் அன்றாட வேலைகளை எப்படி இலேசாக்குவது? “இது மிம்பரில் பேசுகிற விஷயமா ஹஜ்ரத்?” என்று சிலர் நினைக்கலாம். ஒரு தாயின் தொழுகையும் பிள்ளைகளின் தர்பியத்தும் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், இதைவிட மிம்பருக்குத் தகுதியான விஷயம் எது?

அல்லாஹ் தன் கடமையையே இலேசாக்கினான்

அல்பகரா அத்தியாயத்தின் 185-வது வசனத்தில், அல்லாஹ் நமக்கு இலேசானதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற கருத்து வருகிறது. எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். ரமளான் நோன்பைக் கடமையாக்கி, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை கொடுக்கிற இடத்தில் வருகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டு என்பதை ஹதீஸ்களில் பார்க்கிறோம்.

சிந்தித்துப் பாருங்கள். படைத்தவன் விதித்த ஃபர்ளையே பாலூட்டும் தாய் தள்ளிவைக்கலாம். ஆனால் நம் வீட்டில் விதித்த தோசைக்குச் சலுகை கிடையாது! அல்லாஹ்வின் சட்டம் அவளுடைய நிலையைப் பார்க்கிறது, நாம் போட்ட சட்டம் பார்க்க மறுக்கிறது. இது மார்க்கமல்ல, சகோதரர்களே. வெறும் பழக்கம்.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: இரண்டு காரியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால், பாவமாக இல்லாதவரை, அவற்றில் எளிதானதையே நபி (ஸல்) அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் (புகாரி). எளிதானதை எடுப்பது சோம்பல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சுன்னத்.

அன்னை ஃபாத்திமாவின் கைகள்

ஃபாத்திமா (ரலி) அவர்களின் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். திருகை அரைத்து அரைத்துக் கை காய்த்துப்போயிருந்தது. நபியவர்களிடம் கைதிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பணியாளரைக் கேட்கப் போனார்கள். தந்தை வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். செய்தி தெரிந்ததும் நபி (ஸல்) அவர்கள், அவர்கள் படுக்கைக்குச் சென்ற பிறகு, அவர்களுடைய வீட்டுக்கே வந்தார்கள். எழ வேண்டாம் என்று சொல்லி இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்களுடைய பாதத்தின் குளிர்ச்சியைத் தன் நெஞ்சில் உணர்ந்ததாக அலீ (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். பிறகு, உறங்கப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதும்படி கற்றுக்கொடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

இந்த ஹதீஸைச் சொல்லித்தான் பல வீடுகளில் பெண்களின் வாயை அடைக்கிறோம். “ஃபாத்திமா நாயகியே பொறுத்துக்கொண்டார்கள், நீ என்ன?” என்கிறோம். அந்த ஹதீஸில் இருப்பது அதுவா? மகள் களைத்துப்போனதைக் கேட்டு, “இதற்கெல்லாம் குறை சொல்லலாமா?” என்று நபியவர்கள் கண்டிக்கவில்லை. இரவில் தாமே நடந்து வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பணியாளரைக் கொடுக்காததற்கும் காரணம் இருந்தது: திண்ணைத் தோழர்கள் பசியில் வயிறு ஒட்டிக் கிடந்தார்கள் என்று இன்னொரு அறிவிப்பில் வருகிறது. நாம் என்ன திண்ணைத் தோழர்களுக்குக் கொடுப்பதற்காகவா நம் மனைவிக்கு உதவாமல் இருக்கிறோம்? செல்போன் பார்ப்பதற்காக இருக்கிறோம்.

தஸ்பீஹைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் போய் உட்காருவதும் அந்த ஹதீஸில் உள்ள சுன்னத்துதான்.

வீட்டில் நபியவர்கள்

வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று பதில் சொன்னார்கள் (புகாரி). வேலை செய்தார்கள், பிறகு தொழப் போனார்கள். நாம் தொழுகையைக் காரணம் காட்டி வேலையிலிருந்து தப்பிக்கிறோம்.

அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை; பிடித்தால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). சிறுவராக வந்து சேர்ந்து மதீனாவில் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை, ஒருமுறைகூட “சீ” என்று அவர்கள் சொன்னதில்லை.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம்.

செய்ய முடிந்த ஐந்து காரியங்கள்

ஒன்று: இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். குழந்தைக்குப் பால்குடி மறக்கடிப்பதைப் பற்றிச் சொல்லும்போதுகூட, தாயும் தந்தையும் மனமொப்பி, கலந்தாலோசித்து முடிவெடுப்பதைக் குர்ஆன் சொல்கிறது (2:233). பால் மறக்கடிப்பதற்கே மஷூரா என்றால், யார் எழுப்புவது, யார் குளிப்பாட்டுவது, யார் மத்ரஸாவில் விடுவது என்பதற்கு மஷூரா வேண்டாமா? வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் போதும். ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். விடக்கூடியதை அடியுங்கள். மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: சாப்பாட்டைச் சுருக்குங்கள். ஒரு வாரத்துக்கு என்ன சமையல் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், “இன்றைக்கு என்ன செய்வது?” என்ற தினசரிக் கவலை போய்விடும். மாவை வாரத்துக்கு இரண்டு தடவை அரைத்தால் போதும். காலையில் ஒரு சட்னி. மதியம் ஒரு குழம்பு, ஒரு பொரியல். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிச் சமையல் வேண்டாம். காரத்தைக் குறைத்து ஒரே சமையல் செய்யலாம். ஜும்ஆ நாளில் பிரியாணி ஆக்கியே தீரவேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. ஜும்ஆவுக்குக் குளிப்பதும் நேரத்தோடு பள்ளிக்கு வருவதும்தான் சுன்னத்.

மூன்று: காலை வேலையை இரவிலேயே முடியுங்கள். இரவில் கதவை அடையுங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், மாலை மயங்கும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி). வீட்டை ஓர் ஒழுங்கோடு மூடிவிட்டு உறங்கச் சொன்ன மார்க்கம் இது. அதோடு சேர்த்து, யூனிஃபார்ம், ஸ்கூல் பை, மத்ரஸாப் பை, ஷூ, சாக்ஸ் எல்லாம் வாசல் பக்கம் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஒற்றை சாக்ஸைத் தேடி நடக்கும் சண்டை பாதி குறையும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் வெறுத்தார்கள். அந்த நேரத்தில் டிவியும் போனும் ஓடும் வீட்டில் குழந்தை எப்படித் தூங்கும்? குழந்தை தூங்காவிட்டால் தாய்க்கு ஃபஜ்ரு எப்படிக் கிடைக்கும்?

நான்கு: பிள்ளைகளிடம் வயதுக்கேற்ற வேலையைக் கொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை செருப்பை அதன் இடத்தில் வைக்கும். ஐந்து வயதுப் பிள்ளை சாப்பிட்ட தட்டை எடுத்துவந்து போடும். முதலில் கொட்டும், உடைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தொழுகையையே ஏழு வயதில்தான் ஏவச் சொன்னார்கள். கண்டிப்பு பத்து வயதில்தான். நடுவில் மூன்று வருடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் காலம். தொழுகைக்கே மூன்று வருடம் அவகாசம் என்றால், தட்டு எடுப்பதற்கு மூன்று நாளில் கோபப்படலாமா? ஆண் பிள்ளைக்கும் வேலை கொடுங்கள். நாளை அவன் ஒரு பெண்ணுக்குக் கணவன்.

ஐந்து: ஆண்கள் ஒரு வேலையை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போவதல்ல. நான் ஃபஜ்ரு முடிந்து வந்ததும் பிள்ளைகளை எழுப்பி, குளிக்கவைத்து, மக்தபுக்குக் கூட்டிப்போவது வரை என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் பெரியவனுக்குச் சின்னவனின் சட்டையைப் போட்டுவிட்டேன்! இப்போது பழகிவிட்டது. சீக்கிரம் எழுந்து கடை திறக்க வேண்டியவர் இரவில் பாத்திரம் கழுவலாம். ஏதோ ஒன்று, ஆனால் தினமும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வதே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல் என்று ஹதீஸ் சொல்கிறது.

மாமியார்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும்

“எங்கள் காலத்தில் அம்மியில் அரைத்தோம், கிணற்றில் இறைத்தோம், ஏழு பிள்ளை வளர்த்தோம்” என்று பெரிய தாய்மார்கள் சொல்வார்கள். உண்மை. அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவானாக! ஆனால் அந்த முற்றத்தில் கொழுந்தியா இருந்தார், நாத்தனார் இருந்தார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருந்தார். ஒருத்தி அரைத்தால் இன்னொருத்தி குழந்தையைத் தூக்கினாள். இன்று பூட்டிய ஃப்ளாட்டுக்குள் ஒரே ஒருத்தி. மிக்ஸி இருக்கிறது, குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை. அந்தக் கையாக நீங்கள் இருங்கள். மருமகள் தொழுது முடிக்கும் பத்து நிமிடம் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சவூதியிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரர்களே! வீடியோ காலில் முதல் வார்த்தையாக, “ஏன் வீடு இப்படிக் கிடக்கிறது?” என்று கேட்காதீர்கள். தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்து அங்கே ஒருத்தி நிற்கிறாள். வசதி இருந்தால், வீட்டு வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்புங்கள். குடும்பத்துக்குச் செலவழிப்பது தர்மம்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

தாய்மார்களே! தரையைத் தினமும் துடைக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் துடைக்கலாம். பிள்ளைகளின் வீட்டு உடைக்கு இஸ்திரி வேண்டாம். விளையாட்டுச் சாமான்கள் சிதறிக் கிடக்கும் ஹாலைப் பார்த்து விருந்தாளி என்ன நினைப்பார் என்று கவலைப்படாதீர்கள். சுத்தம் ஈமானைச் சேர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் சுத்தம் வேறு, காட்சிக்கு வைத்ததுபோல வீட்டை வைத்திருப்பது வேறு.

விடக்கூடாதது தொழுகை. நிதானமாக நீட்டித் தொழ முடியவில்லையா? சுருக்கமாகத் தொழுங்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை நினைத்து, ஜமாஅத் தொழுகையையே நபி (ஸல்) அவர்கள் சுருக்கினார்கள் (புகாரி). பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதார்கள். ஸஜ்தாவில் இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். உங்கள் முந்தானையைப் பிடித்து இழுக்கும் குழந்தையால் உங்கள் தொழுகை மதிப்பிழந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அந்தச் சகோதரிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அல்லாஹ் உங்கள்மேல் கோபமாக இருக்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வீட்டில் யாரோ ஒருவர் பத்து நிமிடம் குழந்தையைத் தூக்கவில்லை. அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்படும். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்றுதானே நபியவர்கள் எச்சரித்தார்கள்!

கண்ணியமானவர்களே! என் வீட்டுத் தாளில் அடிக்கப்படாத வரிகள் இன்னும் இருக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்பு லுஹரை அஸர் பாங்கு சொல்லப்போகும் நேரத்தில் அவசர அவசரமாகத் தொழுத என் மனைவி, இப்போது பெரும்பாலான நாட்களில் ஆரம்ப நேரத்திலேயே தொழுகிறார். ஒரு சட்னி குறைந்ததால் கிடைத்த தொழுகை அது. இத்தனை வருடம் அதற்குத் தடையாக இருந்தது நான்தான் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும், சாப்பாட்டில் என்ன குறை என்று பார்க்காதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை இலேசாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! களைத்துப்போன தாய்மார்களின் சுமையைக் குறைத்து, அவர்களின் தொழுகையை ஏற்றுக்கொள்வாயாக! கணவனில்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்கு நீயே துணையாக இருப்பாயாக! எங்கள் கைகளால் ஏற்றிவைத்த சுமைகளை எங்கள் கைகளாலேயே இறக்கிவைக்கும் தௌஃபீக்கைத் தருவாயாக! ஆமீன்.