வந்தியின் பங்கு

மண்ணைப் பெயர்த்துக் குவிக்க மனிதனுக்கு உரிமை உண்டா? கேள்வி நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். குளக்கட்டும் வயல்வரம்பும் இன்றி நாகரிகம் ஏது? அநுராதபுரத்துக் குளங்களைத் தாங்கி நிற்பவை மண்ணணைகளே அல்லவா? உண்மைதான். ஆனால், உணவுக்காகவும் உயிருக்காகவும் குவிக்கப்படும் மண்ணைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அழகுக்காகவும் விளையாட்டுக்காகவும் குவிக்கப்படும் மண்ணைப் பற்றியே கேட்கிறோம். புல்வெளிக்கு எடுப்பான தோற்றம் வேண்டுமென்று விடுதி முற்றத்தில் எழுப்பப்படும் செயற்கை மேடு. மலைச் சைக்கிளோட்டி வேகம் குறையாமல் வளைந்து செல்லத் தடத்தின் வெளியோரத்தில் எழுப்பப்படும் சாய்வான மண்ணணை. மண் சரிந்து மனிதரைப் புதைக்கும் ஒரு மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு இவற்றை எவ்வாறு மதிப்பிடுவது?

நம் நண்பர்கள் சிலரிடம் பதில் ஆயத்தமாக இருக்கிறது. குடியிருக்கச் சொந்த நிலம் இல்லாதவன் வாழும் நாட்டில் விளையாட்டுக்கென்று ஒரு மலையா என்று அவர்கள் சீறுகிறார்கள். சீற்றத்தின் நியாயம் நமக்கு விளங்குகிறது. பதில்தான் திருப்தி தரவில்லை. வயிற்றுக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் உழைப்பாளிக்குத் தேவையில்லை என்பது தோட்டத்துரையின் கணக்கு. அந்தக் கணக்கை நாமும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? லயத்துப் பிள்ளைகள் பழைய டயரைக் குச்சியால் தட்டிச் சரிவில் உருட்டிக்கொண்டு, திருப்பத்தில் உடலைச் சாய்த்து ஓடுவதைக் கண்டவர் எவரும், சரிவும் வேகமும் தரும் இன்பம் பணக்காரருக்கு மட்டும் உரியதென்று கூறமாட்டார். மலைச் சைக்கிள் ஓட்டமுங்கூட எளிமையாகவே பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைப் பழுதுபார்த்து மலைப்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் அது பந்தயமாயிற்று. 1999 இல் கனடாவின் விஸ்லரில் ஒரு மலையே அதற்கென்று பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இந்தத் தடங்களை அமைப்போரின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தல் நலம். வளைவில் அணை கட்டுவது மண்ணை வாரிக் கொட்டும் வேலையன்று. முதலில் மேல்மண்ணை ஒதுக்குகிறார்கள். வேரும் இலையும் கலந்த மண் நாளடைவில் உக்கி அமிழ்ந்துவிடும். அடியிலுள்ள கெட்டி மண்ணை எடுத்து, சிறு சிறு படையாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கிய பின்னரே அடுத்ததைப் போடுகிறார்கள். ஒரு பிடி மண்ணைக் கையில் அமுக்கினால் அது உருண்டையாக நிற்கவேண்டும். பொடிந்தாலும் ஆகாது, விரலிடுக்கில் வழிந்தாலும் ஆகாது. இறுக்காமல் குவித்த மண் ஏறத்தாழ 30 முதல் 35 பாகைச் சரிவுக்கு மேல் நிற்பதில்லை. அதனினும் செங்குத்தாக வேண்டுமாயின் இறுக்கவேண்டும், அல்லது கல் அடுக்கவேண்டும்.

இவை யாவற்றினும் பெரிய விஷயம் தண்ணீர். வெளியோரத்தில் அணை எழும்பியதும், முன்பு பக்கவாட்டில் வடிந்துபோன மழைநீருக்கு வழி அடைபடுகிறது. அது தடத்தின் வழியே ஓடி வாய்க்கால் பறிக்கும். ஆதலால் வளைவு தொடங்குவதற்கு முன்பே நீரை வெளியே திருப்பிவிட வேண்டும். தடத்தின் சரிவு மலைச்சரிவின் பாதியைத் தாண்டலாகாது என்றும் அவர்களிடம் ஒரு விதி உண்டு. தாண்டினால் பாதை ஓடையாகிவிடும்.

இந்த அறிவு நமக்குப் புதியதா? இலங்கையின் மலைத் தோட்டங்களில் ‘கான் வெட்டு’ என்று ஒரு வேலை உண்டு. மலையின் சமமட்டத்தைத் தழுவி மெல்லிய சரிவில் கான் வெட்டி, இடையிடையே வண்டல் தங்கக் குழி விட்டு, மம்பட்டியால் எடுத்த மண்ணைக் கீழ்ப்புறம் வரம்பாக அணைத்து, மழையின் வேகத்தைத் தணித்து இறக்கும் வேலை. கருவியேதுமின்றி, சாய்ந்து கிடக்கும் மண்ணைக் கண்ணால் பார்த்தே நீர் எப்பக்கம் போகும் என்று சொல்லக்கூடிய மனிதர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை எவரும் பொறியியலாளர் என்று அழைத்ததில்லை. மாவனல்லையிலிருந்து கண்டி வீதியில் ஏறினால் கடுகண்ணாவையில் ஓர் உயர்ந்த கோபுரம் நிற்கிறது. அவ்வீதியை அமைத்த பிரித்தானியப் பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் மாண்டார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் அது. வீதியின் மண்ணைச் சுமந்தவர்கள், தேசாதிபதி பார்ன்ஸின் ஆணைப்படி, இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தில் பிடிக்கப்பட்ட கிராமத்து மக்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லும் கல் எதுவும் அங்கில்லை.

அண்மையில், 2023 அளவில், ‘பீக்கோ தடம்’ என்ற பெயரில் ஒரு நடைபாதை உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இது, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. இதன் பெரும்பகுதி தோட்டங்களின் பழைய பாதைகள்தாம். கொழுந்துக்கூடையும் சாக்கும் சுமந்த கால்கள் இறுக்கிய மண்ணில் இன்று உலாவும் கால்கள் நடக்கின்றன. நாம் இதை வெறுக்கவில்லை. உலகத்தார் வந்து இம்மலைகளைப் பார்க்கட்டும். பாதையோரத்துத் தேநீர்க் கடையில் நான்கு காசு புரளட்டும். பாதைக்குக் காட்டிய அக்கறை அதன் ஓரத்து லயத்துக்கும் கிட்டவேண்டும் என்பதே நம் வழக்கு.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. வைகை பெருகியபோது பாண்டியன் கரையை அளந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கொடுத்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. துணையற்ற கிழவி அவள். மண் சுமக்க ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சிவபெருமானே கூலியாளாக வந்தானாம். வந்தவன் வேலை செய்தானா? பாடினான், ஆடினான், பிட்டைத் தின்றான், கூடையைத் தலைக்கு வைத்து உறங்கினான். அரசனின் பிரம்படி அவன் முதுகில் விழுந்தபோது எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. பரஞ்சோதி முனிவர் பாடிய இக்கதையைப் பக்தர்கள் அந்த அடிக்காகக் கொண்டாடுகிறார்கள். நம் கண் வேறிடத்தில் நிற்கிறது. மாளிகைக்காரனுக்கும் கிழவிக்கும் ஒரே கணக்கில் பங்கு பிரித்தானே, அந்த அரசனின் நீதி எத்தகையது? ஊரார் கரை முழுவதையும் உயர்த்தியிருந்தும் வெள்ளம் எதன் வழியே புகப் பார்த்தது? வந்தியின் பங்கின் வழியேதான்! மண் சுமக்க வந்தவனைக் கதை விளையாட விடுகிறது என்பதும் நமக்குப் பிடித்திருக்கிறது. அடைபடாத பங்கு விளையாட்டினால் மட்டும் வந்ததன்று. தனித்து விடப்பட்ட ஒருத்தியின் மேல் அச்சுமையை ஏற்றியதாலும் வந்தது.

2016 மே 17 ஆம் நாள், பல நாள் விடாது பெய்த மழையில், மாவனல்லைக்கு அடுத்த அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் மண் பாய்ந்து கிராமங்களை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் இதே கேகாலை மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயமும் மண்ணுள் புதைந்தது. இரண்டாண்டுக்கு முன், 2014 ஒக்டோபர் 29 இல், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததும் இதுவே. அங்கே 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு மாற்று இடந்தான் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோது மலைநாடு மறுபடியும் அதே பாடத்தைப் படித்தது.

இப்பெருஞ்சரிவுகளுக்கு விடுதி முற்றத்து மேடுகள் காரணமென்று நாம் கூறவில்லை. அது பொய்யாகும். பெருமழையும் மலையின் கட்டமைப்புமே முதற் காரணங்கள். மனிதர் சரிவை வெட்டுவதும் நீரின் வழியை மறிப்பதும் அவற்றோடு சேர்கின்றன. ஆயினும் சரிவு நிலத்தில் ஒருவன் செய்யும் மண்வேலை அவன் வேலிக்குள் முடிவதில்லை. மேலே ஒரு பங்களாக்காரர் மலையை வெட்டித் தளம் அமைக்கிறார். வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் தள்ளிப் புல் பதிக்கிறார். மேடு அழகாகத்தான் இருக்கிறது. அது புல்லுக்கும் செடிக்கும் மேலேயே இறுக்கமின்றிக் கொட்டப்பட்ட மண் என்பதும், நீர் புகுந்தால் அதன் பாரம் மிகும், பிடிப்பு குறையும் என்பதும், அது மறித்த நீர் வேறெங்கோ ஒருவர் அடுப்படிக்குப் பின்னால் இறங்கும் என்பதும் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. உறுதிப் பத்திரம் அவர் கையில் இருக்கிறது. மண் அவருடையது என்கிறது சட்டம். அந்த நீரும் அவருடையதா?

சைக்கிள் தடம் போடுபவன் மண்ணைப் பிடித்துப் பார்க்கிறான். நீரின் போக்கைக் கணிக்கிறான். மழைக்குப் பின் சென்று விரிசல் பார்க்கிறான். தவறினால் விழப்போகிறவன் அவனுடைய தோழன் அல்லவா? மனிதன் தன் இன்பத்தின்பொருட்டு எவ்வளவு நுட்பமாகச் சிந்திக்க வல்லவன் என்பதற்கு அந்த வளைவு சாட்சி. அந்தச் சிந்தனை லயத்தின் பின்சுவரை வந்தடையாமல் போனது அறிவின் பற்றாக்குறையாலா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயப் பகுதிகளை வரைபடமாக்கியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கும்படியும், 150 ஐத் தாண்டினால் வெளியேறும்படியும் சொல்கிறது. சரி, வெளியேறி எங்கே போவது? ஒருவேளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வகுப்பறை வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்துக் கொடுக்கும் ஆசிரியர்கள் நாமேதான். மழை விட்டதும் அதே சரிவுக்கு அவர்களைத் திருப்பி அனுப்புகிறோம்.

ஆகவே, விளையாட்டுக்கு அணை கட்டலாமா என்ற முதற் கேள்விக்கு, கட்டலாம் என்றே நாம் பதில் சொல்வோம். மேடு எழுப்புவோரிடம் மாத்திரம் ஒன்று கேட்போம்: மம்பட்டியை வைக்குமுன், ஒரு மழைநாளில், உங்கள் நிலத்திலிருந்து இறங்கும் நீரைத் தொடர்ந்து அடிவாரம் வரை நடந்து வாருங்கள். கான் வெட்டித் தேர்ந்த கிழவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு ஒரு நாட்கூலியையும் கொடுத்துவிடுங்கள். எந்த வீட்டின் பின்னால் நீர் தேங்குகிறதென்று அவர் காட்டுவார்.