தோற்கும் அணியும் பற்றுறுதியும்

பலன் தராத பற்று அறிவுக்கு ஒவ்வாததா என்னும் பழைய கேள்வியை ஆராய, அமெரிக்கப் பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸின் ரசிகர்களைவிடச் சிறந்த சான்று அரிது. 1908-இல் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டித்தொடரை வென்ற அவ்வணி, அடுத்த வெற்றியை 2016-இல்தான் கண்டது. இடைப்பட்ட பருவங்களுள் 1969 மிகவும் கொடியது; கோடை முழுதும் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த அணி, செப்டம்பரில் சரிந்து, நியூயார்க் மெட்ஸைவிட எட்டு ஆட்டங்கள் பின்தங்கியது.

பிரெஞ்சு மெய்யியலாளர் கப்ரியேல் மார்செல், குறிப்பிட்ட பலனைக் கணக்கிட்டு நிற்கும் எதிர்பார்ப்பையும், பிறரோடு கொண்ட உறவில் வேரூன்றும் நம்பிக்கையையும் வேறுபடுத்திக் காட்டினார். தோல்வி முறிப்பது முன்னதையே என்பதால்தான், வீரர்களை வைது, இனி ஆட்டமே பார்ப்பதில்லை எனச் சூளுரைத்த ரசிகர் அடுத்த ஏப்ரலில் அணியின் ரிக்லி மைதானத்துக்குத் திரும்புகிறார். விவிலியத்தின் யோபு கடவுளோடு வழக்காடியதைப் போல, அந்த ரசிகரின் சினமும் உறவுக்குள்ளிருந்தே எழுகிறது. 2016-இல் ரசிகர்கள் அம்மைதானத்தின் செங்கற்சுவர்களில், வெற்றியைக் காணாது மறைந்த தந்தையர், பாட்டியர் பெயர்களைச் சாக்கட்டியால் எழுதினர். இப்பற்றை அணி உரிமையாளர்கள் வருவாயாக்குவது உண்மையே; ஆயினும் பிறர் அடையும் ஆதாயம் ஒருவரது பற்றைப் பொய்யாக்கிவிடாது.