வாசலுக்கு வரும் வனவிலங்கு: கருணை என்பது எது?

எந்த உயிரையும் கொல்லாமல் வாழ்பவர் அனைவரும் அஹிம்சையைக் கடைப்பிடிப்பவர் ஆகிவிடுவாரா? நகரவாசி ஒருவர் தம் வாழ்நாளில் எந்த விலங்கையும் கையோங்கி அடித்திருக்க மாட்டார். கரடியையோ சிறுத்தையையோ நேரில் கண்டிருக்கவும் மாட்டார். ஆனால் அவர் வீட்டின் பின்புறம் கொட்டிய எச்சில் உணவு ஒரு விலங்கை வரவழைத்து, அந்த வருகை அதன் மரணத்திலோ, ஒரு மனிதரின் மரணத்திலோ முடியுமானால் அதில் அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா? தத்துவ நூல்களைப் புரட்டுவோர் மட்டுமன்றி, நகரங்களில் வாழும் குடும்பஸ்தர்களும் இன்று இக்கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது.

நகருக்குள் வந்த காடு

புனே நகரின் கிழக்கில், ரயில் பாதைகளும் ராணுவக் குடியிருப்புகளும் சூழ்ந்த பகுதி கோர்படி. அங்கு வசிப்போருக்குக் காடு என்பது எங்கோ மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது. ஆயினும் 2025 ஏப்ரலில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவே உள்ள லோஹேகாவ் விமான நிலைய வளாகத்தில் ஒரு சிறுத்தை தென்பட்டது. மாதக்கணக்கில் முயன்று டிசம்பரில்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

அதற்கு முன், 2020 டிசம்பர் 9 அன்று, அதே நகரின் மேற்கிலுள்ள கோத்ரூட் குடியிருப்புக்குள் ஒரு காட்டுமாடு வழிதவறி நுழைந்தது. செய்தி பரவிற்று, மக்கள் திரண்டனர், கைபேசியில் படமெடுக்கச் சிலர் பின்தொடர்ந்தனர். மிரண்ட விலங்கு தெருத்தெருவாக ஓடிற்று. பல மணி நேரத்துக்குப் பின் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அது, அன்றே உயிரிழந்தது. அக்கூட்டத்தில் எவரும் அதைக் கொல்ல எண்ணவில்லை. பலர் உள்ளத்தில் இரக்கமும் இருந்திருக்கும். ஆயினும் வேடிக்கை பார்க்கும் ஆவலை ஒரு பகல் பொழுது அடக்கிக்கொள்ள இயலாமற் போனதும் அதன் மரணத்துக்கு ஒரு காரணமாயிற்று. எண்ணத்தில் ஹிம்சை இல்லாதிருப்பது மட்டும் போதாது, புலன்களும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அச்சமும் ஒரு நியாயமே

இதன் மறுபக்கத்தை மறப்பது அநீதி. அதே புனே மாவட்டத்தின் ஷிரூர் வட்டத்தில் பிம்பர்கேட் என்னும் ஊர் இருக்கிறது. 2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில், ஏறத்தாழ இருபது நாட்களுக்குள் அங்கும் சுற்றுப்புறத்திலும் ஒரு சிறுமியும் ஒரு மூதாட்டியும் ஒரு சிறுவனும் சிறுத்தையால் உயிரிழந்தனர். மக்கள் சினந்து நெடுஞ்சாலையை மறித்தனர். முடிவில் ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று ஜீவகாருண்யம் போதிப்பவர் கருணையின் பொருளை அறியாதவர். தன் குழந்தையைக் காப்பது இல்லறத்தானின் முதற்கடமை. ஆகவே விலங்கை நேசிப்பதா, மனிதனைக் காப்பதா என்று கேட்பது பிழை. இரு தரப்பிலும் உயிர் போகாதவாறு முன்கூட்டியே செய்ய வேண்டியது என்ன என்பதே சரியான கேள்வி.

அகற்றினால் தீருமா?

பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் விட்டுவிடலாம் என்பது பலருக்கும் உடனே தோன்றும் விடை. புனே மாவட்டத்தின் ஜுன்னர் வனக்கோட்டத்தில் இது செய்தும் பார்க்கப்பட்டது. அணைகளின் பாசனத்தால் கரும்பு பெருகிய பகுதி அது. ஆண்டு முழுதும் அடர்ந்து நிற்கும் கரும்புத் தோட்டங்களிலேயே சிறுத்தைகள் தங்கிக் குட்டி ஈனுகின்றன. 2001 முதல் 2003 வரை அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு, அவற்றில் பல வேறு காடுகளில் விடப்பட்டன. வித்யா அத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டுகிறது. முன்னர் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், இடமாற்றம் தொடங்கிய பின் 17 ஆக உயர்ந்தது. அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு மிரள்கிறது. பழைய இடம் தேடி அலைகிறது. காலியான இடத்துக்கோ மற்றொரு விலங்கு வந்து சேர்கிறது. தன் வாசலில் உள்ள ஆபத்தை அயலார் வாசலில் இறக்கி வைப்பது தீர்வாகாது. அது தர்மமும் ஆகாது.

எண்ணெயும் எச்சிலும்

சிறுத்தையை நாய், பன்றி முதலியவை ஈர்க்கின்றன; அவற்றைக் குப்பை ஈர்க்கிறது. கரடியின் விஷயத்தில் இந்தத் தொடர்பு இன்னும் நேரடியானது. நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் கரடிகள் வருவது அடிக்கடி நிகழ்கிறது. கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துச் செல்வதும், கடைகளிலும் சமையற்கூடங்களிலும் புகுந்து உணவுப்பொருளைச் சூறையாடுவதும் அப்பகுதி மக்களுக்குப் பழகிப்போன செய்திகள்.

கரையானும் எறும்பும் தேனும் காட்டுப்பழங்களுமே இந்தக் கரடியின் இயல்பான உணவு. அதற்குப் பார்வைக் கூர்மை குறைவு. மோப்ப சக்தியோ மிக அதிகம். தொலைவிலிருந்தே எண்ணெயின் வாசனையை அறிந்து வருகிறது. எதிரே வரும் மனிதனை அது அருகில் வரும்வரை உணராது. திடீரென உணர்ந்ததும் அஞ்சித் தாக்குகிறது. அத்தாக்குதலில் பகை இல்லை, பயம்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூவரைக் கடுமையாகத் தாக்கிய கரடி, மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டுக் களக்காடு வனப்பகுதியில் விடப்பட்டது. பின்னர் அது இறந்துவிட்டது. காயமுற்ற மூவரின் குடும்பங்களுக்கும் துயரம், கரடிக்கும் மரணம்.

ஊட்டுவது உதவியா?

பக்தி உள்ளம் கொண்டோர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். சத்தீஸ்கர் மாநிலம் மகாசமுந்த் மாவட்டத்தில், பாக்பாஹரா அருகிலுள்ள சண்டி மாதா கோயிலுக்குக் கரடிகள் வருகின்றன. பக்தர்கள் பிரசாதம் அளிக்கின்றனர். ஜாம்பவானைப் போற்றும் நாட்டில் இக்காட்சி மெய்சிலிர்க்க வைப்பது இயல்பே. அன்புடன் நீட்டும் கையைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த அன்பு யாருடைய நன்மையை நாடுகிறது என்பதைப் பரிசோதிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், குப்பை மேட்டில் கரடிகள் உண்பதைக் காண ஒரு காலத்தில் பார்வையாளர்களுக்கு இருக்கைகளே அமைக்கப்பட்டிருந்தன. மனித உணவுக்குப் பழகிய கரடிகள் அச்சம் நீங்கி மனிதர்களைக் காயப்படுத்தின. பின்னர் ஆபத்தானவை எனக் கொல்லப்பட்டன. உணவூட்டப்பட்ட கரடி செத்த கரடிதான் என்று அந்நாட்டு வனக்காவலர்கள் கூறுவது இந்த அனுபவத்தால்தான். அதே நாட்டின் யோசெமிட்டி பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும் கரடிகளால் 1,500க்கும் மேற்பட்ட தொல்லைகள் பதிவாயின. உணவைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிகள், கரடியால் திறக்க முடியாத குப்பைத் தொட்டிகள், விதிகளைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துதல் ஆகியவற்றுக்குப் பின் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. மாற்றிக்கொண்டவர்கள் முதலில் மனிதர்கள். கரடிகள் அதன் பிறகே மாறின.

பாகவதத்தில் வரும் பரத மன்னனின் கதை இங்கு நினைக்கத் தக்கது. ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட மான்குட்டியை அவர் எடுத்துக் காத்தது கருணை. அதன்பின் அதைப் பிரிய இயலாமல் அதையே எண்ணியிருந்தது பற்று. இரண்டும் வெளியே ஒன்றுபோல் தோன்றும். கருணை மற்ற உயிரின் நலனை நாடும். பற்று தன் இன்பத்தை நாடும். கரடி தன் கையிலிருந்து உண்ண வேண்டும் என்ற ஆசை, எவ்வளவு தூயதாகத் தோன்றினாலும், இரண்டாவது வகையைச் சேர்ந்ததே.

சௌசம் என்னும் அஹிம்சை

யோக சாதனையில் அஹிம்சை யமத்தின் முதற்படி; சௌசம் எனப்படும் தூய்மை நியமத்தின் முதற்படி. இவை தனித்தனி அறங்களாகவே பொதுவாகக் கற்பிக்கப்படுகின்றன. வனத்தை ஒட்டிய ஊரில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எச்சில் உணவை வெளியே கொட்டாமல் இருப்பது, இரவில் குப்பைத் தொட்டியை மூடிவைப்பது, கோயிலில் எண்ணெயையும் பழங்களையும் இரவு முழுதும் விட்டுவைக்காமல் அர்ச்சகர் பத்திரப்படுத்துவது, பழுத்து விழும் பலாவையும் கொய்யாவையும் உடனுக்குடன் அகற்றுவது, வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமல் பார்த்துக்கொள்வது ஆகிய இவை யாவும் அஹிம்சையின் வடிவங்களே. விலங்கு வந்துவிட்டால் கூட்டம் கூடாமல், கல்லெறியாமல், வழிவிட்டு விலகி, வனத்துறைக்குச் செய்தி சொல்வதும் அவ்வாறே.

இக்கடமை எல்லோருக்கும் சமமானதா? இல்லை. விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் தோட்டத் தொழிலாளிக்கும், வீட்டில் கழிப்பறை இல்லாமல் இருளில் புதர்ப்பக்கம் செல்லும் பெண்ணுக்குமே ஆபத்து அதிகம். குப்பையைப் பெருக்குவதில் அதிகப் பங்கு வகிப்பவையோ விடுதிகளும் சந்தைகளும் வசதி படைத்தோர் இல்லங்களுமே. ஆகவே, தெருவிளக்கு, கழிப்பறை, மூடிய தொட்டி, தவறாத குப்பை அகற்றல் ஆகியவற்றை உறுதி செய்யும் பொறுப்பு ஊராட்சிக்கும் தோட்ட உரிமையாளருக்கும் வசதியுள்ளோருக்குமே முதலில் உரியது. ஏழையைப் பொறுமை காக்கச் சொல்லிவிட்டுத் தன் குப்பையைத் திறந்து போடுபவர் இரு உயிர்களுக்கும் தீங்கிழைக்கிறார்.

கரடிக்கு எல்லைக்கோடு தெரியாது. அது வாசனையை மட்டுமே அறியும். எல்லையை அறியும் ஆற்றலும், அதைக் காக்கும் கடமையும் விவேகம் பெற்ற மனிதனுக்கே உரியவை. இரவில் விளக்கணைக்கும் முன் ஒரு குப்பைத் தொட்டியின் மூடியைச் சரிபார்ப்பவர், தாம் ஒருபோதும் காணாத ஓர் உயிரையும், தாம் அறியாத ஓர் அயலாரையும் காக்கிறார். புகழ் தேடாத, பார்ப்பவர் இல்லாத இந்தச் சிறு செயலில் கருணை நிறைவு பெறுகிறது.