அப்புவின் மறதியும் நான்காம் கட்டளையும்



பெற்றவரின் அறிவு மங்கிப்போன காலத்திலும் பிள்ளை அவர்மேல் இரக்கமாயிருக்க வேண்டுமென்று சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் பணிக்கிறது. நான்காம் கட்டளையை மனப்பாடமாய்ப் படித்த நாமோ, "இப்பதானே சொன்னனான், திரும்பவும் கேக்கிறியளே!" என்று சீறுகிறோம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இத்துயர் அதிகம். 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் ஊர்விட்டு வந்து தங்கியவர்கள் அங்கே பலர். ஊரிலே இருட்டிலும் கிணற்றடிக்குப் போய்வந்த கால்களுக்கு முன்னால், இங்கே மாடிக்கு மாடி ஒரே மாதிரிக் கதவுகள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வழி தவறிவிடுமோ, பெயரை மாறிச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சி முதலில் சந்தையை விடுகிறார்கள், பிறகு பூசையையும் விடுகிறார்கள். மறதியைவிட, மறதியால் வரும் வெட்கமே அவர்களை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறது.

எல்லா மறதியும் நோயல்ல. சாவியைத் தேடித் தரும்படி கொச்சிக்கடை அந்தோனியாரைக் கேளாதவர் நம்மில் யார்? ராகமையில் முதியவர்கள் 703 பேரைப் பார்த்து, 2003இல் வெளியான ஆய்வொன்றில் மறதிநோய் காணப்பட்டது 28 பேரிடமே. தைரொயிட் குறைவு, வைற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, நித்திரையின்மை, சில குளிசைகள் ஆகியவற்றாலும் ஞாபகம் தடுமாறும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. காது கேளாதவர் சொன்னதை மறந்தவர்போலத் தோன்றுவதும் உண்டு. "வயசு போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதைப் பொறுமை என்று சொல்ல நான் ஒருப்படேன், அது சோம்பல். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். நோய்தான் என்று தெரியவந்தால், பராமரிக்கும் குடும்பங்களுக்கு மருதானையிலுள்ள லங்கா அல்சைமர் பவுண்டேஷன் துணை செய்கிறது.

வந்தவர்களுக்கு முன்னால் "நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்?" என்று ஆச்சியைச் சோதிக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

காலையில் சாப்பிட்டதை மறந்த அதே ஆச்சி செபமாலையின் பதில்களைத் தடுக்காமல் சொல்வார். சிறுவயதில் பழகியவை பெரும்பாலும் கடைசியிலேதான் அழியும். ஆகவே ஒரு பத்தைத் தொடங்க அவரை விடுங்கள். அதிலே பன்னிரண்டு அருள்நிறைந்த மந்திரம் வந்தாலென்ன? தேவதாய் கணக்கப்பிள்ளையல்லவே.

2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்குமாக ஏற்படுத்தினார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டோடு இருப்பவர்களை அன்றைக்காவது பூசைக்குக் கூட்டி வாருங்கள், பின்வாங்கிலே இருந்தாலும் சரி. நடுவில் எழும்பி "வீட்டுக்கு எப்ப போறது?" என்று உரத்துக் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்து இருத்தட்டும். வர ஏலாதவர்களைப் பற்றிப் பங்குக்குருவுக்கு அறிவியுங்கள். நற்கருணை அவர்களின் கட்டிலடிக்கு வரும்.